நாட்டுக்கோழி சூப்பில் இருக்கிற கார்னோசின் நேரே தசைக்குப் போகுமா?

கண்டனூரான்: காரைக்குடி ஜிம் குழுவில் ஒருத்தர் எழுதியிருக்கார்: "நாட்டுக்கோழி சூப் குடிச்சா கார்னோசின் முழுசா நம்ம தசையில போய்ச் சேரும்." படிச்சதும் பத்திக்கிட்டு வருது. கார்னோசின்ங்கிறது ரெண்டு அமினோ அமிலம் ஒட்டின, தசையில இருக்கிற ஒரு சின்னப் பொருள். நம்ம ரத்தத்தில் கார்னோசினேஸ்னு ஒரு நொதி இருக்கு. கார்னோசினை பீட்டா அலனின், ஹிஸ்டிடின்னு அந்த ரெண்டு அமினோ அமிலமா வெட்டிப் போட்டுடும். தசை அந்தத் துண்டுகளை வாங்கித் தானே திரும்பக் கட்டிக்கும்.

ஜிம் முத்து: எழுதினது நான்தான். நேரா பேரைச் சொல்லியே திட்டுங்க அண்ணே. 1900-ல் ரஷ்ய வேதியியலாளர் குலேவிச் கார்னோசினைப் பிரிச்சதே இறைச்சிச் சாற்றிலிருந்துதான். சாற்றில் இல்லாமலா எடுத்தார்?

கண்டனூரான்: இல்லைன்னு யார் சொன்னா? தண்ணியில கரையும், சூப்புல இறங்கும். ரத்தத்தில் முழுசா நிக்குமா? அதைச் சொல்லுங்க.

தேவகோட்டை ஆச்சி: எலும்போட தட்டி, மிளகு சீரகம் இடிச்சுப் போட்டு, காய்ச்சல்ல கிடந்த பிள்ளைக்கு ரசம் வச்சுக் குடுத்து எந்திரிக்க வச்சவ நான். நொதி வெட்டுதாம்ல!

பள்ளத்தூர்க்காரன்: எலும்புல ஏது ஆச்சி? அது தசையில இருக்கிற சரக்கு. தொடையைவிட நெஞ்சுக்கறியில கூடுதல். கோழியில அதுக்குப் பங்காளி ஆன்செரின்தான் இன்னும் அதிகம்.

தேவகோட்டை ஆச்சி: நெஞ்சுக்கறி வெறும் சக்கை. தொடையை விட்டுட்டு அதை எடுக்கிறவன் செட்டிநாட்டுல பொறந்தவனே இல்ல.

பள்ளத்தூர்க்காரன்: பொறப்பு வரைக்கும் போக வேணாம் ஆச்சி.

ஜிம் முத்து: எடை தூக்கும்போது தசையில அமிலம் ஏறும், அதைத் தாங்கிப் பிடிக்கிறது கார்னோசின். கறி தொடாதவங்க தசையில அது குறைவு. அப்ப கறியிலிருந்துதானே வருது?

கண்டனூரான்: வருது, துண்டாகி வருது! எவ்வளவு பீட்டா அலனின் கிடைக்குதோ அதைப் பொறுத்துத்தான் தசை கட்டும். எலி ரத்தத்தில் அந்த நொதி கிடையாது. எலி ஆய்வைத் தூக்கிட்டு மனுஷன்கிட்ட வராதீங்க.

ஜிம் முத்து: பீட்டா அலனின் டப்பா விக்கிறவருக்கு சூப்பு கசக்கத்தான் செய்யும்.

கண்டனூரான்: விக்கிறது என் மச்சான். அதை மொத்தமா முழுங்கினா மூஞ்சியெல்லாம் சுருசுருன்னு ஊசி குத்தும்னு இதே குழுவில் எச்சரிச்சவன் நான். கேட்டதுக்குப் பதில்: முழுசா நிக்குமா, நிக்காதா?

பள்ளத்தூர்க்காரன்: திருவிழா அன்னதானக் கணக்கைக் கேட்டப்பவும் முத்து இப்படித்தான் வேற பேச்சு பேசினார்.

ஜிம் முத்து: கணக்கை எப்பவோ குடுத்தாச்சு. குடிக்கிறதும் கார்னோசின், தசையில இருக்கிறதும் கார்னோசின். நடுவுல என்ன ஆனா எனக்கென்ன?

கண்டனூரான்: நடுவுல ஆனதுதானய்யா கேள்வியே! ரத்தத்தில் முழுசா நிக்குமா?

தேவகோட்டை ஆச்சி: பிராய்லர் கோழியில வச்சா நிக்காதுதான்.