மறு: லோயரிங் ஸ்பிரிங்குக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்பர்களுக்கு வணக்கம். காரின் உயரத்தைக் குறைப்பதற்காகப் பழைய ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுப் போடும் லோயரிங் ஸ்பிரிங்குக்கும், அதைச் சார்ந்த மற்றவற்றுக்கும் இந்த இழையில் தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம்.

> என் முன்மொழிவு 'தாழ்வில்'. சுருக்கமாகவும் இருக்கிறது, சொல்லவும் எளிது.

சுருக்கம்தான் நண்பரே. ஆனால் ஒரு வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "முன்சக்கரங்களுக்குத் தாழ்வில் பொருத்தினார்." படிக்கிறவர் இதைத் 'தாழ்வு' என்ற சொல்லோடு 'இல்' உருபு சேர்ந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார். ஸ்பிரிங் நினைவுக்கே வராது. 'வில்' என்று முடிகிற பல கூட்டுச்சொற்களுக்கு இந்தத் தொல்லை உண்டு. 'சுருள்வில்' மட்டும் தப்பித்துக்கொண்டது, பள்ளியிலேயே சுருள்வில் தராசு படித்துவிடுகிறோம் அல்லவா. முழு வடிவத்துக்குச் சுருள்வில், பேச்சுக்குச் சுருள் என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

> தாழ்த்துவில், தாழ்சுருள் இரண்டில் ஒன்று?

'தாழ்த்து' வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். ஸ்பிரிங்கின் பெயரோடு விஷயம் நிற்காது. அடுத்து அந்த ஸ்பிரிங் போட்ட காரைக் குறிக்கவும் சொல் தேவைப்படும். அது 'தாழ்த்தப்பட்ட கார்' என்றாகும். அந்தச் சொல் தமிழில் மனிதர்களின் வரலாற்றைச் சுமந்து நிற்கிறது. அதை ஒரு கார் மாற்றத்துக்கு எடுத்துப் பயன்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

'தாழ்சுருள்' கேட்க நன்றாக இருக்கிறது, தாழ்தளப் பேருந்து என்ற முன்மாதிரியும் உண்டு. சிக்கல் பொருளில்தான். தாழ்கிற சுருள் என்றால் வயதாகி, சுமை தாங்காமல் தானாகவே அமுங்கிப்போன சுருள் என்று படும். நாம் பெயர் தேடுவது அதற்கு நேரெதிரான ஒன்றுக்கு. இது உயரம் குறைவாக நிற்கும்படியும், அதே சமயம் பழைய ஸ்பிரிங்கைவிட விறைப்பாக இருக்கும்படியும் வேண்டுமென்றே செய்யப்பட்டது. விறைப்பு ஏன் என்றால், கார் ஒன்றரை அங்குலம் கீழே வந்தால், பள்ளத்தில் விழும்போது சக்கரம் மேலேறக் கிடைக்கும் இடமும் கிட்டத்தட்ட அவ்வளவு குறைகிறது. குறைந்த இடத்துக்குள் அதே அடியைத் தாங்கவேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் முட்டு ரப்பரில் போய் இடிக்கும்.

என் முன்மொழிவு இறக்குசுருள். ஊன்றுகோல், நெம்புகோல் போல இதுவும் வினைத்தொகை; அதனால் நடுவில் 'ச்' மிகாது. 'இறக்கச்சுருள்' என்று பெயர்ச்சொல்லில் தொடங்கினால் மலைச்சாலை இறக்கத்தோடு குழம்பும், வினையடியில் அந்தக் குழப்பம் இல்லை. வண்டியைக் கீழே இறக்கிட்டாங்க என்று பட்டறையில் சொல்வதும் இதே வினைதான். இறக்கிய கார், இறக்குவேலை, எவ்வளவு இறக்கம் என்று குடும்பமாகவே சொற்கள் கிடைக்கின்றன.

சரி, இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இழையில் யாரும் கேள்வி கேட்காமல் விட்ட இன்னொரு சொல்.

> இதனுடன் பொருத்தும் மற்றவற்றைத் 'துணைப் பாகங்கள்' எனலாம்.

கூடாது ஐயா. துணைப் பாகம் என்றால் சீட் கவர், மேட் மாதிரி காசு இருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் விடலாம் என்ற தொனி வந்துவிடுகிறது. இவை அப்படிப்பட்டவை அல்ல. காரை இறக்குவதால் கெட்டுப்போகும் ஒவ்வொன்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவருபவை.

2005 முதல் 2014 வரையிலான ஃபோர்டு மஸ்டாங்கை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் இந்த வேலையை வீட்டுக் கராஜிலேயே செய்கிறவர்கள் ஏராளம். ஜெர்மனியின் ஐபாக் உட்படப் பல நிறுவனங்கள் இதற்கு இறக்குசுருள் விற்கின்றன. பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை அங்குலம் வரை இறங்கும். இந்தக் காரின் பின்பக்கம் இரு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே திண்ம அச்சு. அது முன்பின் நகராமலும் சுழலாமலும் பிடிக்க, அச்சையும் பாடியையும் இணைக்கும் கைகள் கீழே இரண்டு, மேலே ஒன்று. பக்கவாட்டில் நகராமல் பிடிக்கக் குறுக்கே ஒரு நீண்ட தண்டு, ஒரு முனை அச்சில், மறுமுனை பாடியில். பன்ஹார்டு என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் பெயரால் வழங்குவது, அந்தப் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பாடி கீழே வருகிறது. தண்டின் நீளம் மாறாது, சாய்வு மட்டும் மாறும். அதனால் அச்சு சில மில்லிமீட்டர் ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறது. காருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தால் தெரியும்: ஒரு பக்க டயர் மட்கார்டு விளிம்பை நெருங்கியிருக்கும், மறுபக்க டயர் உள்ளே ஒதுங்கியிருக்கும். இதைச் சரிசெய்யத்தான் நீளத்தைத் திருகி மாற்றக்கூடிய பன்ஹார்டு தண்டு. கீழ்க் கைகளின் சாய்வும் மாறிவிடுவதால், வேகமெடுக்கும்போது பின் டயர்கள் தரையைப் பிடிக்கும் விதம் கெடுகிறது. அதற்காகக் கையின் அச்சுப்பக்க முனையைக் கீழே தள்ளிவைக்கும் பிராக்கெட்டுகள் வருகின்றன.

முன்பக்கம் இன்னும் சுவாரசியமானது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் ஒரே தூணாகச் சேர்ந்து சக்கரத்தைப் பிடிக்கும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பில், பாடி இறங்குவதைவிட உருள்மையம் வேகமாகக் கீழே போகிறது. வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அதைத்தான் உருள்மையம் என்கிறேன். காரின் எடைமையத்துக்கும் உருள்மையத்துக்கும் உள்ள இடைவெளி கூடுவதால், வளைவில் காரைச் சாய்க்கும் நெம்புகை கூடிவிடுகிறது. தாழ்ந்து நிற்கிற கார் அந்தக் காரணத்தாலேயே வளைவில் நன்றாக ஓடும் என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது. கூடவே சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்கிறது. அதைத் திருத்த இந்த மஸ்டாங்கில் தொழிற்சாலை வசதி எதுவும் வைக்கவில்லை. சாய்வைத் திருத்தும் போல்ட்டோ, ஸ்ட்ரட்டின் மேல்முனையைப் பிடிக்கும் தகடோ தனியே வாங்கவேண்டும். அப்புறம் பழைய ஷாக் அப்சர்பர், மென்மையான ஸ்பிரிங்கை அடக்க அளவெடுத்தது. விறைப்பான சுருள் திரும்பி விரியும்போது அதனால் பிடித்து நிறுத்த முடியாமல் கார் துள்ளும்.

ஆக, இவற்றுக்கு ஈடுகட்டும் பாகங்கள் என்று பெயர் வைப்போம். ஒன்றை எடுத்தால் இன்னொன்றால் ஈடுகட்டவேண்டும் என்பது பெயரிலேயே இருக்கும். காருக்குக் காரும் இது பொருந்தும். 2015 மஸ்டாங்கில் பின்சக்கரங்கள் தனித்தனி அமைப்புக்கு மாறிவிட்டன, பன்ஹார்டு தண்டே கிடையாது. பாகங்களின் பட்டியல் மாறும், அவை செய்யும் வேலை மாறாது. ஸ்பிரிங் மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு ஓட்டுவதற்கு ஒரு இளைஞர் யோசிக்கும்போது, தமிழில் தேடிக் கிடைக்கும் சொல் அவரை ஒரு நிமிடம் நிறுத்தவேண்டும் என்பது என் ஆசை.

அடுத்து, உயரம். 'தரை இடைவெளி' வேறு, நமக்கு இங்கே வேண்டிய உயரம் வேறு. முன்னது காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் உள்ள தூரம், டயரில் காற்று குறைந்தாலே மாறும். இறக்கத்தை அளக்க, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடிப்பார்கள், அதில் டயரின் நிலை தலையிடாது. தன் எடையில் நிற்கும்போது உள்ள இந்த அளவுக்கு நிற்புயரம் என்கிறேன். செய்முறை எழுதும்போது இந்தச் சொல் இல்லாமல் முடியாது. கைகளின் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்கள் பெரும்பாலும் முறுக்கிக்கொடுத்து வேலை செய்பவை. காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுகியபடியே நிற்கும். சீக்கிரம் கிழியும், காரும் சரியான உயரத்துக்கு வராது. "கடைசி இறுக்கம் நிற்புயரத்தில்" என்று மூன்றே சொற்களில் எழுதிவிடலாம்.

கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளோ வெளியோ சாயும் கோணம்), டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்) இரண்டையும் தமிழாக்கவேண்டாம் என்றே நினைக்கிறேன். வீல் அலைன்மென்ட் கடைகளில் எல்லோரும் புழங்கும் சொற்கள் அவை, புதிதாக ஒன்று வைத்தால் அவற்றைத்தான் முதலில் விளக்கவேண்டியிருக்கும்.

மிச்சமிருப்பது பம்ப் ஸ்டியர். ஸ்டியரிங்கை அசைக்காமலே, பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது தானாகத் திரும்புவது. 'மேட்டுத்திருப்பம்' என்று ஒருவர் எழுதியிருந்தார், ஆனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதும் இது நடக்கும். 'தன்திருப்பம்' எப்படி இருக்கிறது? வளைவில் கார் சாய்வதால் சக்கரம் திரும்புவதற்கும் அதே பெயர் போய்விடுமோ என்ற தயக்கம் எனக்கு உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டும் இணைச்சொற்கள் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், அதுவரை சொற்பட்டியலில் அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன்.