ஒன்பது ஆட்டம், இரண்டு உயர்ரகக் கோல்ஃப் பந்து: மைதானத்தில் ஆடிப் பார்த்தால் வித்தியாசம் தெரியுமா?

மெல்லடி:
ஆறு வாரம், ஒன்பது ஆட்டம், பையில் இரண்டே வகைப் பந்து. இரண்டுமே யுரித்தேன் (ரப்பர் போன்ற பிளாஸ்டிக்) உறை போட்ட உயர்ரகம். ஒன்று மூன்று அடுக்கு, மற்றது நான்கு அடுக்கு. பெயரைச் சொன்னால் பேச்சு கம்பெனிச் சண்டையாகிவிடும், அதனால் 'அ', 'ஆ' என்றே வைத்துக்கொள்கிறேன்.

என் ஹேண்டிகேப் (ஆட்டத்திறன் எண், குறையக் குறைய நல்லது) 14. டிரைவரை, அதாவது தூரம் அடிக்கும் மட்டையை, வீசும் வேகம் மணிக்கு 80 மைலுக்குப் பக்கத்தில். மைதானம் காலியாகக் கிடந்த சாயங்காலங்களில் ஒரே இடத்திலிருந்து இரண்டையும் அடித்தேன். மற்ற நாட்களில் முதல் ஒன்பது குழிக்கு ஒன்று, அடுத்த ஒன்பதுக்கு இன்னொன்று.

டீயில், அதாவது குழியின் முதல் அடியில், வித்தியாசமே தெரியவில்லை. அயனில் (இரும்புத் தலை மட்டை) 'ஆ' கொஞ்சம் உயரமாக ஏறியது, எதிர்காற்றில் சட்டென்று இறங்கிக் கிரீனுக்கு (குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரை) முன்னாலேயே விழுந்தது. கதை இருப்பது கிரீனிலிருந்து 30, 40 கஜத்தில். அங்கே 'அ' இரண்டாவது துள்ளலில் கடிவாளம் இழுத்ததுபோல நிற்கிறது. 'ஆ' எங்கே நிற்கும் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. ஒரு தடவை நாலடி ஓடுகிறது, அடுத்த தடவை பன்னிரண்டடி. பட் அடித்தால், அதாவது கிரீனில் உருட்டிவிட்டால், 'ஆ' கணீரென்று சத்தம் போடுகிறது, அதுவும் எனக்கு ஆகவில்லை.

பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் ரேடாரால் அளக்கும் லாஞ்ச் மானிட்டர் முன்னால் பயிற்சிப் பாயில் நின்று பந்து தேர்ந்தெடுப்பதைவிட ஆடித் தேர்ந்தெடுப்பதுதான் சரி என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். மறுக்கிறவர்கள் வரலாம்.

எண்ணிக்கைவாதி:
வந்துவிட்டேன் மேடம். ஒன்பது ஆட்டத்தில் தெரிவது பந்தின் குணம் அல்ல, அன்றைக்கு உங்கள் மனநிலை.

ஒரு சின்னக் கணக்கு. நம் மாதிரி ஆட்களின் ஸ்கோர் ஆட்டத்துக்கு ஆட்டம் மூன்றரை ஸ்ட்ரோக் (அடி) அளவுக்கு முன்னே பின்னே அலைகிறது என்று வைப்போம். ஒரு பந்து மற்றதைவிட ஒரு ஸ்ட்ரோக் மேல் என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல எத்தனை ஆட்டம் வேண்டும்? புள்ளியியலில் ஒரு குத்துமதிப்பு உண்டு: அலைவின் வர்க்கத்தை 16-ஆல் பெருக்கு. மூன்றரையின் வர்க்கம் 12.25, 16-ஆல் பெருக்கினால் 196. அது ஒரு பந்துக்கு. இரண்டுக்கும் சேர்த்து 392. வாரம் இரண்டு ஆட்டம் என்றால் கிட்டத்தட்ட நான்கு வருஷம். அதற்குள் கம்பெனி பந்தின் மாடலையே மாற்றியிருக்கும்.

இன்னொன்று. எல்லாப் பந்தும் விதிகள் போட்ட ஒரே கூரைக்குக் கீழேதான் குடியிருக்கிறது. எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஆரம்ப வேகத்துக்கும் மொத்தத் தூரத்துக்கும் வரம்பு உண்டு. உயர்ரகப் பந்துகள் அந்தக் கூரையை முட்டிக்கொண்டு நிற்கின்றன. மிஞ்சுவது ஸ்பின் என்கிற சுழற்சியும் ஏறும் கோணமும். அவற்றை ரேடார் அளக்கும், கண் அளக்காது.

ஏரிக்கரை:
இரண்டு பேருக்கும் வணக்கம். நான் பந்து வாங்கி வருஷக்கணக்காகிறது. புதரிலும் குளத்தோரத்திலும் பொறுக்குவதுதான் என் பையில் இருக்கும். ஒரே ஆட்டத்தில் நாலு கம்பெனி, ஆறு மாடல் ஆடியிருக்கிறேன். ஸ்கோர் எப்போதும் 95-க்குப் பக்கத்தில். 'அ'-வும் 'ஆ'-வும் தண்ணீருக்குள் ஒரே மாதிரிதான் மூழ்குகின்றன.

பட் அடிக்கும்போது மட்டும் கீறல் விழாத பந்து ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வேன். அது நேராக உருளும்.

பழைய பலாட்டா:
தம்பி ஏரிக்கரை, கடைசியில் சொன்னதைப் போட்டியில் செய்துவிடாதீர்கள். பொதுவாக ஒரு குழியைத் தொடங்கிய பந்திலேயே முடிக்க வேண்டும். சேதம் என்று பார்த்தால், வெட்டுப்பட்டாலோ விரிசல் விட்டாலோதான் மாற்றலாம். கீறல், சாயம் உரிந்தது என்பதெல்லாம் காரணம் ஆகாது. மாற்றி அடித்தால் இப்போது ஒரு ஸ்ட்ரோக் தண்டனை. 2023-க்கு முன்னால் அதைவிடக் கடுமை. குழிக்கும் குழிக்கும் நடுவே தாராளமாக மாற்றலாம். சில போட்டிகளில் மட்டும் ஆட்டம் முழுக்க ஒரே மாடல்தான் என்று தனி விதி போடுவார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் பெயரைப் பார்த்தாலே வயது தெரிந்திருக்கும். நான் ஆடத் தொடங்கியபோது பந்துக்குள் ரப்பர் நூலைச் சுற்றியிருப்பார்கள், மேலே பலாட்டா என்ற ரப்பர் போன்ற மென்மையான உறை. வெட்ஜில் (கிட்ட இருந்து தூக்கி அடிக்கும் மட்டை) அடித்தால் கிரீனில் விழுந்து பின்னால் ஊர்ந்து வரும். ஆனால் அயனின் விளிம்பு ஒருமுறை பட்டால் போதும், உறை கிழிந்து பந்து பல்லைக் காட்டி இளிக்கும். இன்னொரு பக்கம் ஐயனோமர் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறை போட்ட இரண்டு அடுக்குப் பந்து. அடித்து நொறுக்கினாலும் ஒன்றும் ஆகாது, தூரமும் போகும், கிரீனில் மட்டும் நிற்காது. தூரமா, பிடிப்பா, இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

2000-ல் எல்லாம் தலைகீழானது. டைகர் வுட்ஸ் நூல் சுற்றாத திடப்பந்தோடு பெபிள் பீச்சில் யு.எஸ். ஓப்பனை 15 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். அதே வருஷம் அக்டோபரில் டைட்டிலிஸ்ட் கம்பெனியின் புரோ வி1 பந்து தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தது: திடமான உள்கரு, மேலே யுரித்தேன். கொஞ்ச வருஷத்தில் நூல் பந்து காணாமல் போனது.

நான் சொல்ல வருவது, அந்தக் காலத்து வித்தியாசம் கண்ணைக் கட்டிக்கொண்டு அடித்தாலும் தெரியும். இப்போது யுரித்தேனுக்கும் யுரித்தேனுக்கும் நடுவே மயிரிழைதான். அதை ஒன்பது ஆட்டத்தில் பிடித்தேன் என்றால் எனக்கும் சந்தேகமாகத்தான் இருக்கிறது அம்மா.

மெல்லடி:
ஐயா, நீங்களுமா!

எண்ணிக்கைவாதி, நான் எங்கே ஸ்கோர் பேசினேன்? 196 ஆட்டக் கணக்கு ஸ்கோருக்குப் பொருந்தும். ஸ்கோரில் டிரைவும் இருக்கிறது, விட்ட பட்டும் இருக்கிறது, புதரில் தொலைத்த பந்தும் இருக்கிறது. நான் பார்த்தது ஒரே ஒரு விஷயம்: 40 கஜத்திலிருந்து அடித்த பந்து விழுந்த இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் எத்தனை எட்டு வைத்து நடக்க வேண்டும் என்பது. ஒரே இடம், ஒரே வெட்ஜ், அடுத்தடுத்து இரண்டு பந்து.

ரேடாரைப் பற்றி ஒரு கேள்வி. பாயில் வைத்த பந்து எப்போதும் சுத்தமாக உட்கார்ந்திருக்கும். மைதானத்தில் அப்படியா? ரஃபில் (நீளப் புல்லில்) பந்துக்கும் வெட்ஜுக்கும் நடுவே புல் மாட்டிக்கொள்கிறது. பனி விழுந்த காலையில் வெட்ஜின் பள்ளங்களில் ஈரம் தங்கி, எந்தப் பந்தாக இருந்தாலும் ஸ்பின் பாதியில் நிற்கிறது. பாயில் கிடைக்கும் எண் எந்தக் காலைக்கு, எந்தப் புல்லுக்கு?

எண்ணிக்கைவாதி:
ஜோடியாக அடித்தது நல்ல முறை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதில் இரண்டு ஓட்டை.

முதலாவது வரிசை. எப்போதும் 'ஆ'-வை முதலில் அடித்தீர்களா? அப்படியானால் இரண்டாவதாக வந்த 'அ'-வுக்கு இலவசப் பயிற்சி கிடைத்திருக்கிறது. கிரீன் எவ்வளவு கெட்டி, எவ்வளவு சரிவு என்று முதல் பந்து சொல்லிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது, எந்தப் பந்து என்று உங்களுக்குத் தெரியும். 'ஆ'-வின் சத்தம் பிடிக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிடிக்காத பந்தை அடிக்கும்போது கை தானாக இறுகும். பன்னிரண்டடி ஓடியது பந்தா, கையா?

புதுக்குச்சி:
நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். டிரைவர் வேகம் குறைந்தவர்கள் மென்மையான பந்துதான் ஆட வேண்டும், இல்லாவிட்டால் பந்தை 'அமுக்க' முடியாது என்கிறார்களே, உண்மையா? அப்புறம், பந்தின் பெயரில் எக்ஸ் என்று போட்டால் கடினமான பந்து என்று பொருளா?

எண்ணிக்கைவாதி:
முதலாவது விளம்பரம் பரப்பிய பயம். நீங்கள் மெதுவாக அடித்தாலும் பந்து நசுங்கத்தான் செய்யும். கம்ப்ரெஷன் (பந்து எவ்வளவு கடினம் என்ற அளவு) என்பது பெரும்பாலும் கையில் படும் உணர்வு. மிக மென்மையான பந்து டிரைவரில் கொஞ்சம் மந்தமாகவே கிளம்பும். வேகம் குறையக் குறைய அந்த வித்தியாசம் சுருங்கும், தலைகீழாக மாறிவிடாது. மென்மை பிடித்திருந்தால் ஆடுங்கள், தூரத்துக்காக ஆடாதீர்கள்.

எக்ஸ் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். டைட்டிலிஸ்டில் புரோ வி1 எக்ஸ் சாதா புரோ வி1-ஐவிட உயரமாகப் பறக்கும், ஸ்பின்னும் கூடுதல். டெய்லர்மேடில் டிபி5 எக்ஸுக்கு டிபி5-ஐவிட ஸ்பின் குறைவு. எழுத்து ஒன்று, வேலை வேறு.

ஏரிக்கரை:
குளத்துக்குள் எக்ஸும் ஒன்றுதான்.

பழைய பலாட்டா:
புதுக்குச்சி, இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பந்துத் தேர்வைக் கிரீனிலிருந்து தொடங்கி டீக்குப் பின்னோக்கிப் போக வேண்டும். டிரைவர் ஒரு ஆட்டத்தில் பதினாலு தடவை வெளியே வரும். கிட்ட இருந்து அடிக்கும் சிப்பும் பிட்சும், அப்புறம் பட்டும் அதைப்போல மூன்று மடங்கு. அதனால் மெல்லடி 40 கஜத்தில் தேடியது சரியான இடம்தான். தேடிய விதத்தில்தான் எனக்கும் அந்தத் தம்பிக்கும் ஒரே சந்தேகம்.

மெல்லடி:
சரி. கண்ணைக் கட்டியே செய்துவிட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் என் ஆட்டத்தோழி வந்தாள். 'அ', 'ஆ' இரண்டிலும் பெயரையும் எண்ணையும் கறுப்பு மார்க்கரால் மறைத்துவிட்டாள். எது எது என்று அவள் நோட்டில் மட்டும். எதை முதலில் அடிப்பது என்று ஒவ்வொரு தடவையும் நாணயம் சுண்டினாள். பந்தை வைப்பது, விழுந்த இடத்திலிருந்து நின்ற இடம்வரை அளப்பது எல்லாம் அவள் வேலை. நான் அடிப்பது மட்டும். 40 கஜம், 24 ஜோடி.

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். அதே சாயங்கால வெளிச்சத்தில் பட்டும் அடித்தேன். சத்தத்தை வைத்து எது 'ஆ' என்று 24 தடவை சொன்னேன். சரியாக இருந்தது 13. அந்தக் 'கணீர்' பந்திலிருந்து வரவில்லை, அட்டைப்பெட்டியிலிருந்து வந்திருக்கிறது போல. வெட்கமாக இருந்தது.

ஆனால் 40 கஜத்தில் 24 ஜோடியில் 17-ல் 'அ' தான் சீக்கிரம் நின்றது.

எண்ணிக்கைவாதி:
முதலில் ஒரு சலாம். இதைச் செய்து, தோற்றதையும் எழுதுகிற ஆள் அபூர்வம்.

இப்போது கணக்கு. பந்தில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால் இது 24 தடவை நாணயம் சுண்டுவது மாதிரி. 17 அல்லது அதற்கு மேல் தலை விழ நூற்றுக்கு மூன்று வாய்ப்பு. 'ஆ' ஜெயித்திருந்தாலும் நாம் இதே ஆட்டம்தான் ஆடியிருப்போம் என்பதால் இரட்டிப்பாக்க வேண்டும்: நூற்றுக்கு ஆறு. எளிதில் ஒதுக்க முடியாது, கல்வெட்டில் பொறிக்கவும் முடியாது.

ஆனாலும் ஒரு குற்றச்சாட்டு பாக்கி இருக்கிறது. டிம்பிள் (பந்தின் மேலுள்ள சிறு குழிகள்) அமைப்பு இரண்டிலும் வேறு. கீழே குனிந்து பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும். பார்க்கவில்லை என்று சத்தியம் செய்வீர்களா?

மெல்லடி:
முழுச் சத்தியம் முடியாது. முதல் நாலைந்து ஜோடியில் டிம்பிள் பக்கம் கண் போனது. அப்புறம் இருட்ட ஆரம்பித்தது, எதுவும் தெரியவில்லை.

எண்ணிக்கைவாதி:
அந்த நாலைந்தைத் தள்ளிவிட்டு மறுபடி எண்ணுங்கள்.

மெல்லடி:
முதல் ஐந்தையும் தள்ளினேன். மிச்சம் 19-ல் 'அ' 13. விகிதம் கிட்டத்தட்ட அதேதான்.

எண்ணிக்கைவாதி:
விகிதம் அதே, பலம் குறைவு. 13 அல்லது அதற்கு மேல் விழ நூற்றுக்கு எட்டுக்கு மேல் வாய்ப்பு, அதுவும் ஒருபக்கம் பார்த்தால். இன்னொரு 30 ஜோடி அடித்தால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். ரேடாரில் அரைமணி நேரத்தில் இது முடிந்திருக்கும் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பழைய பலாட்டா:
ரேடார் கிளம்பிய ஸ்பின்னைச் சொல்லும் தம்பி. விழுந்த பிறகு அந்தக் கிரீன் என்ன செய்தது என்பதை அந்த அம்மாவின் தோழிதான் எட்டு வைத்து அளந்திருக்கிறாள். கெட்டியான கிரீனில் மூன்றெட்டு, மழை பெய்த கிரீனில் ஓரெட்டு. எனக்கு வேண்டிய எண் அதுதான். 17-க்கு அந்த வித்தியாசம் சராசரி எத்தனை எட்டு அம்மா?

மெல்லடி:
இரண்டரை எட்டு ஐயா. அதாவது ஒரே பட்டில் பந்தை உள்ளே போடலாமா என்று யோசிக்கிற தூரத்துக்கும், பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் போதும் என்கிற தூரத்துக்கும் நடுவே உள்ளது.

எண்ணிக்கைவாதி கேட்ட 30 ஜோடிக்கு இன்று விடிகாலையே போனேன். போகிற வழியில் மூன்றாவது குழியைச் சும்மா ஆடிப் பார்க்கலாம் என்று நினைத்தது தப்பு. மார்க்கர் பூசிய 'அ' ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது நேராகக் குளத்துக்குப் போய்விட்டது. இனி புது டப்பா பிரித்தால் பழைய 'ஆ'-வோடு ஒப்பிட முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள், தெரியும்.

எண்ணிக்கைவாதி:
சொல்வேன். இரண்டிலும் புதிது எடுங்கள்.

ஏரிக்கரை:
மேடம், குளத்தின் எந்தப் பக்கம் இறங்கியது?