புத்தகம் போட 60,000 கேட்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

வணக்கம் தோழர்களே. என் சிறுகதைத் தொகுப்பை ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன் (பெயர் வேண்டாம்). மறுநாளே "அருமை, போட்டுடலாம்" என்று பதில். கதையைப் படித்தார்களா, பக்கத்தை எண்ணினார்களா தெரியவில்லை!

300 பிரதிக்கு நான் 60,000 ரூபாய் தரணுமாம். ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு (ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரும் அடையாள எண்) தனியாக 3,000. அதை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். அங்கேதான் சந்தேகம் தட்டியது.

நூலக ஆணை (அரசு நூலகங்களுக்கு வாங்குவது), சென்னைப் புத்தகக் காட்சி எல்லாம் வாய்ப்பேச்சுதான். ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை. மின்னூல், ஒலிநூல் உட்பட உரிமை மொத்தமும் அவர்களுக்கு என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. எத்தனை வருஷத்துக்கு என்று இல்லை. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்கிறது 1957 பதிப்புரிமைச் சட்டம். அதை நம்பிக் கையெழுத்துப் போடலாமா, இல்லை எழுதி வாங்கணுமா?

சொந்தக் காசில் புத்தகம் போடுவதில் எனக்கு வெட்கமில்லை. ஏமாறக் கூடாது, அவ்வளவுதான். சமீபத்தில் போட்டவர்கள் சொல்லுங்கள்: 160 பக்கம், 300 பிரதி, நேரே அச்சகத்தில் கொடுத்தால் என்ன ஆகும்? உண்மையில் எத்தனை பிரதி அடித்தார்கள், எத்தனை விற்றது என்று எப்படிச் சரிபார்ப்பது? நல்ல மெய்ப்புத் திருத்துநர் தெரிந்தாலும் உள்பெட்டியில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார்கள்.