ஸ்பேசர் போட்ட வண்டியில் வீல் நட் லூசாவது: நம்ம பக்கத்து அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து:

வீல் நட் லூசாக இருக்கிறது என்று தெரிந்ததும் ஸ்பானரை எடுத்து இறுக்கிவிட்டுக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். ஸ்பேசர், அதாவது சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்த அதன் பின்னால் வைக்கிற தடித்த உலோகத் தட்டு போட்ட வண்டியில் அது ஆபத்து. ஏன் லூசானது என்று பார்க்காமல் இறுக்கினால் அது திரும்பவும் கழலும். சமீபத்தில் ஒரு மாருதி ஜிம்னியில் இதைக் கண்ணால் பார்த்ததால் விவரமாக எழுதுகிறேன்.

பங்காளி வீட்டுத் தம்பி ஒருவன் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து ஓட்டி வந்தான். கிளம்புவதற்கு முன்புதான் புது அலாய் வீலும் ஸ்பேசரும் போட்டிருக்கிறான். திருமயம் தாண்டியதும் ஸ்டியரிங்கில் லேசான நடுக்கம். ஊருக்குள் வந்து தெரு திரும்பும்போது முன் இடது பக்கம் ‘டக், டக்’ என்று சத்தம், அதுவும் சக்கரம் சுற்றுகிற கணக்குக்கே. டயரில் கல் மாட்டியிருக்கும் என்றார்கள் கல்யாண வீட்டில். கல் என்றால் நேராகப் போகும்போதும் அதே மாதிரி கேட்கும். இது திருப்பத்தில்தான் கூடியது.

ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் நன்றாகவே ஆடியது. பேரிங் போனாலும் இப்படி ஆடும். அதனால் தம்பியை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னோம். பேரிங் ஆட்டமாக இருந்தால் பிரேக் பிடித்ததும் நின்றுவிடும். இது நிற்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் டிஸ்க் அசையாமல் இருக்கிறது, சக்கரம் மட்டும் ஆடுகிறது. அப்போதே தெரிந்துவிட்டது, கோளாறு பிடிமானத்தில்தான்.

ஆனால் வெளியே தெரிந்த ஐந்து நட்டும் கல் மாதிரி இறுகியிருந்தன. பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். தனி ஸ்டட்டோடு (நட் ஏறுகிற மரை போட்ட கம்பி) வருகிற ஸ்பேசரில் நட் இரண்டு வரிசை. உள் வரிசை ஸ்பேசரை ஹப்போடு (வண்டியில் சக்கரம் பொருந்துகிற சுழலும் பகுதி) பிடிக்கும்; வெளி வரிசை சக்கரத்தை ஸ்பேசரோடு பிடிக்கும். சக்கரத்தைக் கழற்றாமல் உள் வரிசையைத் தொடவே முடியாது. கழற்றினோம். உள்ளே இரண்டு நட் விரலாலேயே சுழன்றன. ஸ்பேசரின் ஓட்டைகளைச் சுற்றிக் கருப்பாக மை போல அலுமினியப் பொடி. ஓட்டைகள் நல்லவேளையாக இன்னும் நீளவில்லை.

காரணம் ஒன்றல்ல. ஹப்பின் முகத்தில் துரு இருந்தது, அதைத் தேய்க்காமலே ஸ்பேசரை வைத்திருக்கிறார்கள். துருவோ பெயின்ட்டோ இடையில் இருந்தால் ஓட ஓட அது நசுங்கி உதிரும். அந்த அளவுக்கு நட்டின் பிடி போய்விடும். ஸ்பேசர் போட்டு 80 முதல் 100 கிலோமீட்டருக்குள் கழற்றி மறுபடி டார்க் (நட்டை இறுக்குகிற முறுக்கு அளவு) பார்க்கச் சொல்வது இதனால்தான். தம்பி 400 கிலோமீட்டர் தாண்டி வந்துவிட்டான். பொருத்திய கடையில் யாரும் இதை அவனிடம் சொல்லவில்லை.

இன்னொரு காரணம் இதைவிட மோசம். வண்டியின் சொந்த ஸ்டட் ஸ்பேசரின் முகத்தைத் தாண்டி ஓரிரு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சில அலாய் வீல்களின் முதுகில் அதற்குக் குழி இருக்கும், இதில் இல்லை. சக்கரத்தின் முதுகில் ஐந்து இடத்தில் பளபளவென்று வட்ட வடு. அதாவது சக்கரம் ஸ்பேசரில் உட்காரவில்லை, ஸ்டட் முனைகளில் உட்கார்ந்திருக்கிறது. வெளி நட்டை எவ்வளவு இறுக்கினாலும் சக்கரம் ஸ்பேசரோடு ஒட்டி உட்காராது, ஓடும்போது வருகிற ஆட்டம் நட்டைத் தளர்த்தும். இந்த நிலையில் மறுபடி இறுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பதறுகிறது.

லூசாக ஓடிய ஸ்டட் வளைந்து வளைந்து களைத்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதனால் அந்தச் சக்கரத்தின் ஐந்து ஸ்டட்டையும் மாற்றினோம். நான்கு சக்கரத்திலும் நீட்டிக்கொண்டிருந்த முனையை லேத்துப் பட்டறையில் சீவி, மரையின் நுனியைச் சரி செய்து வாங்கினோம். ஹப் முகத்தை வயர் பிரஷ் போட்டு உலோகம் தெரியும்வரை தேய்த்தோம். பிறகு நட்டை முதலில் கையால் ஓட்டி, எதிரெதிராக இரண்டு மூன்று கட்டமாக இறுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்ச்சில் 100 நியூட்டன் மீட்டர். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி எல்லாம் போய்வந்த பிறகு நான்கு சக்கரத்தையும் திரும்பக் கழற்றிப் பார்த்தோம், ஒன்றுகூட அசையவில்லை.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, மரை விஷயத்தையும் சேர்த்துச் சொல்லணும். மாருதிக்கு 12 மில்லி ஸ்டட்டில் மரை இடைவெளி (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம்) 1.25 மில்லி. டொயோட்டாவுக்கு 1.5. எங்கள் மாமா இன்னோவாவுக்கு ஸ்பேசர் ஒரு இடத்தில், நட் வேறு இடத்தில் வாங்கினார். நட் கையால் இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறியது, அதற்கப்புறம் இறுகியது. பஞ்சர் கடைப் பையன் ஏர் கன்னை வைத்து ஒரே அழுத்து. மரையை அரைத்துக்கொண்டு உள்ளே போய், நல்ல டைட் போலத் தெரிந்தது. தேவகோட்டை ரஸ்தா வருவதற்குள் நடுக்கம் வந்துவிட்டது. கழற்றினால் நட்டுக்குள் சுருள் சுருளாக இரும்புச் சீவல்.

நட் விரலால் கடைசிவரை ஓடணும். ஓடவில்லை என்றால் அது அந்த ஸ்டட்டுக்கான நட் இல்லை. அப்புறம் நட்டின் அடிப்பகுதி. வாஷரோடு வரும் தட்டை நட்டைக் கூம்பு ஓட்டையில் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

புதுவயலிலிருந்து:

எங்களுக்கு அரிசி ஆலை, லாரிதான் பிழைப்பு. லாரி நட்டில் மஞ்சள் பிளாஸ்டிக் முள் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்துப் பக்கத்து முள் இரண்டும் எதிரெதிரே பார்க்கும். நட் திரும்பினால் முள்ளும் திரும்பிக் காட்டிக்கொடுக்கும். காருக்கு அது வேண்டாம், நட்டிலிருந்து ரிம் வரைக்கும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிட்டால் போதும். ஆனால் ஒன்று: கோடு நேராக இருந்தால் நட் திரும்பவில்லை என்றுதான் அர்த்தம். துரு நசுங்கிப் பிடி குறைந்ததைக் கோடு சொல்லாது.

திருப்பத்தூரிலிருந்து:

என் வண்டியில் ஸ்டட் இல்லாத, சும்மா இடையில் சொருகுகிற தட்டுதான் போட்டிருக்கிறேன். அதற்கும் இதெல்லாம் உண்டா? மரைக்கு கிரீஸ் தடவலாமா?

காரைக்குடியிலிருந்து:

சொருகுகிற வகைக்கு நட் ஒரே வரிசைதான், அதனால் உள்ளே ஒளிந்திருக்கிற ஆபத்து இல்லை. ஆனால் தட்டின் தடிமன் அளவுக்கு நட் பிடிக்கிற மரை குறையும். நட் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 12 மில்லி ஸ்டட்டில் குறைந்தது 12 மில்லி மரை பிடிக்க வேண்டும், 1.5 மரையில் 8 சுற்று, 1.25 மரையில் கிட்டத்தட்ட 10. அதற்குக் குறைந்தால் தட்டை இன்றைக்கே கழற்றிவிடுங்கள், நீளமான ஸ்டட் மாற்றும்வரை போட வேண்டாம்.

கிரீஸ் வேண்டாம். வழுக்குகிற மரையில் அதே டார்க் ஸ்டட்டை அதிகமாக இழுத்துவிடும். மரையைத் துணியால் துடைத்தால் போதும்.

தட்டின் நடு ஓட்டை ஹப்பின் கழுத்தில் சரியாக உட்காருகிறதா என்றும் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் சக்கரம் மையம் தப்பி நிற்கும், நடுக்கம் வரும், அந்த நடுக்கமே நட்டைக் கழற்றும்.

இன்னொன்றையும் எல்லோரும் மனதில் வையுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இன்சூரன்ஸ் க்ளைம் என்று வந்தால் ஸ்பேசரை வைத்துக் கேள்வி கேட்பார்கள். பார்வைக்கு அகலமாக நிற்கிறது என்பதற்காக மட்டும் போட நினைக்கிற தம்பிகள் போடாமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

டார்க் ரெஞ்ச் என்னிடம் இருக்கிறது. செக்காலை ரோட்டுப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே கழற்றிப் பார்த்துவிடலாம். வரும்போது வண்டியின் கையேட்டை எடுத்து வாருங்கள், டார்க் அளவு அதில்தான் இருக்கும்.