வேளாண் வணிகம் படித்தவர்களே, ஊருக்குள் அந்தப் படிப்பு என்ன செய்தது?

பவானிக்கரை:

என் தங்கைக்கு வேளாண் வணிக மேலாண்மைப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. "விளைவிக்கத் தெரிந்தவனுக்கு விற்கத் தெரியாதா? இதற்கு நான்கு வருடமா?" என்கிறார் அப்பா. பண்ணை நிதி, சந்தைப்படுத்தல் என்று படித்தவர்கள், அதை வைத்துக்கொண்டு ஊரில் யாரைச் சந்தித்தீர்கள், என்ன நடந்தது என்று எழுதுங்கள். பாடத்திட்டத்தை நானே பார்த்துவிட்டேன். அனுபவம்தான் வேண்டும்.

மஞ்சள்காடு:

கோவையில் முதுநிலை படிக்கும்போது, ஆய்வுக்காக ஈரோட்டுப் பக்கத்து மஞ்சள் விவசாயிகளிடம் சாகுபடிச் செலவு கேட்டுப் போனேன். மொடக்குறிச்சி அருகே ஒரு பெரியவர், "செலவென்ன தம்பி, உரம், மருந்து, வெட்டுக்கூலி, அவ்வளவுதான்" என்றார். விதைக்கிழங்கு அவருடையது. தொழுவுரம் வீட்டு மாடுகளுடையது. களை எடுத்தவர்கள் மனைவியும் மருமகளும். இவற்றில் எதுவும் அவர் கணக்கில் இல்லை.

திண்ணையில் உட்கார்ந்து அவர் நோட்டிலேயே எழுதினோம். ஆதரவு விலையைப் பரிந்துரைக்கும் மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் செலவை அடுக்கடுக்காகப் பிரிக்கிறது. கையை விட்டுப் போன செலவு ஏ2. குடும்பத்தாரின் உழைப்புக்குக் கூலி போட்டுச் சேர்த்தால் ஏ2+எஃப்எல். சொந்த நிலத்தின் வாடகையும் போட்ட முதலின் வட்டியும் சேர்ந்தால் சி2. 2018-19 முதல் மத்திய அரசு, ஏ2+எஃப்எல் செலவில் குறைந்தது ஒன்றரை மடங்கு என்று கணக்கிட்டு ஆதரவு விலையை அறிவிக்கிறது. சி2வை அடிப்படையாக வைக்க வேண்டும் என்பது விவசாயச் சங்கங்களின் கோரிக்கை. மஞ்சளுக்கோ ஆதரவு விலையே கிடையாது. அதனால் எந்த விலைக்குக் கீழே போனால் நட்டம் என்பதை மஞ்சள் விவசாயி தானேதான் கண்டுபிடிக்க வேண்டும். அதிலும் வேகவைத்து, உலர்த்தி, பாலீஷ் போட்டு முடிக்கும்போது பச்சைக் கிழங்கின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்த வேலைகளுக்கும் கூலி இருக்கிறது. களையெடுப்புக் கூலியை எழுதியபோது பெரியவரின் மனைவி வந்து எட்டிப் பார்த்து, "கிழங்கு பொறுக்கியதையும் எழுதுங்கள் தம்பி" என்றார். எழுதினோம். செலவு அவர் முதலில் சொன்னதிலிருந்து வெகுதூரம் போய்விட்டது.

அடுத்து இருப்பு. 2010இல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், இரண்டே ஆண்டில் 4,000 ரூபாய் அளவுக்கு இறங்கியதை ஈரோட்டில் யாரும் மறக்கவில்லை. அந்த உயரம் மீண்டும் வரும் என்று மூட்டைகளை அடுக்கி வைத்துக் காத்திருந்தவர்கள் அதிகம். நான் படித்தபடி கணக்குப் போட்டுக் காட்டினேன்: 10,000 ரூபாய் பெறும் குவிண்டாலை ஒரு வருடம் வைத்திருந்தால், 9 சதவீத வட்டிக்கே 900 ரூபாய் போகிறது. கிடங்கு வாடகையும் எடைக் குறைவும் தனி. விலை அதற்கு மேல் ஏறினால்தான் வைத்திருந்ததற்குப் பயன்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பணமாக வைத்திருந்தால் தீபாவளிக்குள் கரைந்துவிடும். மூட்டையாக இருந்தால் பேத்தி கல்யாணம் வரைக்கும் இருக்கும்." எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. மஞ்சள் அவருக்குச் சேமிப்பு. எந்தப் பாடப் புத்தகமும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. ஆனால் பேச்சுவாக்கில் இன்னொன்றும் வெளியே வந்தது. அதே வீட்டில் நகைக்கடன் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மூட்டை தூங்குகிறது, மறு பக்கம் வட்டி ஏறுகிறது. கடனை அடைக்கும் அளவுக்கு மட்டும் விற்று நகையை மீட்டுவிடலாம், மீதி மூட்டைகளைக் கல்யாணத்துக்கே வைக்கலாம் என்று அன்று மாலை முடிவானது. விரல்போல் நீண்ட விரலி மஞ்சளை ஏலத்துக்கு அனுப்பினார், உருண்டையான கிழங்கு மஞ்சளை நிறுத்திக்கொண்டார். உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். அந்தப் பெரியவருக்கு விற்கத் தெரியும், என்னைவிட நன்றாகவே தெரியும். கடனையும் இருப்பையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கத்தான் ஒருவர் தேவைப்பட்டார்.

செக்கடி:

மஞ்சள்காடு அண்ணா எழுதிய வட்டிக் கணக்கு எங்கள் எண்ணெய்க்கும் பொருந்தும். நான் பட்டம் படிக்கவில்லை. கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் குறுகிய காலப் பயிற்சி பெற்றவள். கர்நாடகத்தின் உஜிரேயில் 1982இல் தொடங்கிய முன்மாதிரியைப் பார்த்து நாடு முழுவதும் உருவானவை இந்த நிறுவனங்கள். பயிற்சி இலவசம், தங்குமிடமும் சாப்பாடும் உண்டு.

திண்டிவனம் பக்கம் எங்கள் மகளிர் குழு மரச்செக்கில் கடலை எண்ணெய் ஆட்டுகிறது. ஒரு லிட்டருக்கு இரண்டரைக் கிலோ பருப்புப் பிடிக்கும். பிண்ணாக்கு விற்ற பணத்தைக் கழித்து, ஆட்டுக்கூலி, பாட்டில், லேபிள், எங்கள் லாபம் எல்லாம் சேர்த்து லிட்டருக்கு 300 ரூபாய் கைக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஒரு கடைக்காரர் 25 சதவீதம் கழிவு கேட்டார். உடன் வந்த அக்கா உடனே, "முந்நூறும் எழுபத்தைந்தும் முந்நூற்று எழுபத்தைந்து, அந்த விலையை ஒட்டிவிடலாம்" என்றார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். கடைக்காரர் கழிப்பது பாட்டிலில் அச்சிட்ட விலையில். 375இல் கால் பங்கு போனால் எங்களுக்கு 281 ரூபாய்தான் வரும். 300 வேண்டுமென்றால் 400 என்று அச்சிட வேண்டும். அந்த விலைக்கு வாங்குவார்களா என்பதை அதன் பிறகுதான் பேச முடியும்.

அவர் 45 நாள் கடனும் கேட்டார். மாதம் 200 லிட்டர் அனுப்பினால் 60,000 ரூபாய்ச் சரக்கு. 45 நாள் என்றால் 90,000 ரூபாய் எந்நேரமும் அவர் கடையிலேயே நிற்கும். கடலையை நாங்கள் ரொக்கத்துக்கு வாங்குகிறோம். "லாபம் என்கிறாயே, பணம் எங்கே?" என்று குழுக் கூட்டத்தில் கேட்கப்படும் கேள்விக்கு இதுதான் பதில். பாதி அளவு, 15 நாள் கடன் என்று பேசி முடித்தோம். மீதியை உள்ளூரிலேயே ரொக்கத்துக்கு விற்கிறோம்.

ஏற்றம்:

நான் ஒட்டன்சத்திரம் தக்காளி பற்றி மட்டும் சொல்கிறேன். நுகர்வோர் தரும் ஒரு ரூபாயில் விவசாயிக்கு எத்தனை பைசா என்று வகுப்பில் அட்டவணை போடுவோம். அந்த அட்டவணையோடு போய், "பக்கத்து மண்டியில் கூடுதலாகத் தருகிறார்களே, ஏன் இங்கேயே போடுகிறீர்கள்?" என்று ஒருவரைக் கேட்டேன். "நாற்றுக்குப் பணம் கொடுத்தவர் இவர். என் மகனை ஆஸ்பத்திரியில் சேர்த்த இரவில் போன் எடுத்தவரும் இவர்தான்" என்றார். கமிஷன் மண்டிக்காரர்தான் அவருக்கு வங்கி. 2016இல் மின்னணு தேசிய வேளாண் சந்தை வந்தது, விலையைத் திரையில் பார்க்கலாம். ஆனால் முன்பணம் வாங்கியவருக்குத் திரையில் தெரியும் விலையால் என்ன பயன்? கடனும் விற்பனையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கும்போது இரண்டையும் தனித்தனிப் பாடமாக நடத்துவது சரியில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தங்கை சேரும் இடத்தில் மண்டிக்கு நேரில் அழைத்துப் போகிறார்களா என்று விசாரியுங்கள்.

பவானிக்கரை:

மூவருக்கும் நன்றி. அப்பாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். படித்து முடித்துச் சொந்தமாகத் தொழில் தொடங்கியவர்கள் யாரேனும் உண்டா?

நாற்றங்கால்:

நான் இருக்கிறேன். வேளாண் பட்டம் முடித்துவிட்டு, 2002 முதல் நடக்கும் வேளாண் மருத்துவ, வேளாண் வணிக மையங்கள் திட்டத்தில் சேர்ந்தேன். ஐதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனத்தின் (மேனேஜ்) மேற்பார்வையில் 45 நாள் இலவசப் பயிற்சி. கடன் கிடைத்தால் தேசிய வேளாண், ஊரக மேம்பாட்டு வங்கியான நபார்டு வழியாகத் திட்டச் செலவில் 36 சதவீதம் மானியம், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 44 சதவீதம். குழித்தட்டுக் காய்கறி நாற்றுப் பண்ணை போடத் திட்ட அறிக்கை தயாரித்தேன்.

வங்கி மேலாளர் ஆண்டு லாபம் எழுதிய பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை. "சித்திரை, வைகாசியில் தண்ணீர் இல்லாமல் யாரும் நடவு செய்யமாட்டார்கள். அந்த மாதத் தவணை எங்கிருந்து வரும்?" என்று கேட்டார். நிழல்வலை, தட்டு, தென்னைநார்க் கழிவு, விதை என்று ஒவ்வொரு மாதமும் போகும் பணத்தையும், ஆடிப்பட்டத்துக்கும் புரட்டாசிப் பட்டத்துக்கும் முன்பதிவாக வரும் பணத்தையும் பன்னிரண்டு கட்டங்களில் பிரித்து எழுதி எடுத்துப் போனேன். கோடையில் நான்கு கட்டங்கள் பற்றாக்குறை காட்டின. அவற்றை மறைக்காமல், வீட்டு மாடுகளின் பால் பணத்தில் சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் சமாளிப்பேன், தவணைக்கு அது போதாது என்று கீழேயே எழுதியிருந்தேன். மேலாளர் அந்தத் தாளைத்தான் நீண்ட நேரம் பார்த்தார். மாதத் தவணையை மாற்றி, இரண்டு பட்டங்களின் விற்பனையும் முடியும் மாதங்களில் ஆண்டுக்கு இரண்டு தவணையாகக் கட்டும்படி கடனை அனுமதித்தார்.