டவுன் ஹால் செங்கல்லும் நம்ம ஏரியா பழைய வீடுகளும்: சென்னையின் நான்கு ஏரியாக்காரர்கள் சொல்லும் சுண்ணாம்பு வேலை அனுபவங்கள்

ராயபுரம்:
சென்ட்ரல் பக்கம் போனால் டவுன் ஹால் என்கிற விக்டோரியா ஹாலை வெளியிலிருந்தாவது நின்று பாருங்கள். கட்டடக் கலைஞர் சிஷோம் வரைந்து, ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டியார் கட்டியது. 1897ல் விவேகானந்தர் பேசியதும், பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபா நாடகம் போட்டதும் இங்கேதான். பக்கத்து ரிப்பன் மாளிகை வெள்ளை. இது செங்கல்லை மறைக்காமல் விட்ட சுவர், அதனால் கொத்தனாரின் கைவரிசை அப்படியே தெரியும். ராயபுரம், மண்ணடி பழைய வீடுகளும் இந்த ஹால் போலவே சுண்ணாம்புக் காரையில் எழுந்தவைதான். அவற்றில் சிமென்ட் பூசினால் தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். உப்பு பூத்து, செங்கல்லின் முகம் பொரிந்து பூச்சோடு பெயர்ந்துவிடும்.

தண்டையார்பேட்டை:
கலவைதான் பாதி வேலை. டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு சுட்ட சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடணும். மாற்றிச் செய்தால் கொதித்துக் கண்ணில் தெறிக்கும்; கண்ணாடி, கையுறை கட்டாயம். சலித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது இரண்டு வாரம் ஊறட்டும். அவசரப்பட்டால் நீறாத கட்டி பூசிய பிறகு சுவரிலேயே நீறி, ஊதி, சில்லு சில்லாகத் தெறிக்கும். பூச்சுக்கு சுண்ணாம்பு 1, மணல் 2 முதல் 3 பங்கு. ஈரம் அதிகமுள்ள அடிச்சுவருக்கு மணலில் கொஞ்சம் குறைத்து சுர்க்கி (செங்கல் தூள்) சேர்க்கலாம். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். நம்ம பக்கம் பல தெருக்களில் போர் தண்ணியும் உப்பு, அதனால் மெட்ரோ வாட்டர் பிடித்துக் கலக்குங்கள். கடுக்காய், வெல்லத் தண்ணியை அளவோடு சேர்க்கணும். வெல்லத்தை அள்ளிப் போட்டால் இறுகுவது தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

பழைய வண்ணாரப்பேட்டை:
டவுன் ஹால் மாதிரி பூசாத சுவர் என்றால் செங்கல் இடுக்கை உளியால் 20, 25 மி.மீ. ஆழம் கிண்டி, தூசி தட்டி, நனைத்த பிறகு காரை அடைக்கணும். சீக்கிரம் முடியும் என்று கிரைண்டர் வைத்தால் செங்கல் விளிம்பு போச்சு, திரும்ப வராது.

சௌகார்பேட்டை:
மேலே சொன்னதோடு ஒன்று. பூச்சு ஒரு கைக்கு 10 மி.மீ. போதும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடில்தான் சுண்ணாம்பு இறுகும், அதற்கு ஈரமும் தேவை. ஒரு வாரம் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். கத்திரி வெயிலில் ஆரம்பித்தால் இறுகுமுன் காய்ந்து மாவாக உதிரும். கடைசியில் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் மறுபடி ஈரம் அடைபடும். சுண்ணாம்பு வெள்ளையே மெல்லிசாக மூன்று கை அடித்தால் போதும்.