‘மேலே மிஸ்ட்’ என்றால் எங்கே? கிளிங்கோ விடை தர மறுக்கிறது

மலைமுயல்:
குன்னூரில் இருக்கிறேன். டாக்ஸி டிரைவர்கள் குரூப்பில் போடும் ரோடு நிலவரத்தை கிளிங்கோவில் (விதிகளைக் கொடுத்தால் அவற்றுக்கு முரணில்லாத விடையைத் தேடும் லாஜிக் புரோகிராம்) ஏற்றி, எந்தப் பக்கம் வண்டி விடலாம் என்று பார்க்கிறேன். குன்னூர் ஸ்டாண்டிலிருந்து ஒருவர் ‘மேலே மிஸ்ட்’ என்றார். குன்னூருக்குக் கீழே பர்லியாரில் டீ குடிக்க இறங்கியவர் ‘மேலே மிஸ்ட் இல்லை’ என்றார். அவ்வளவுதான், அன்சாட்டிஸ்ஃபையபிள், அதாவது எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும் விடையே இல்லை. இருவருமே பொய் சொல்கிற ஆட்கள் இல்லை. சூழலைப் பிரிக்க ‘இஸ்ட்’ போட்டும் அதே கதி (சூ என்பது சூழல், செ என்பது செய்தி; ‘:-’ என்றால் வலப்பக்கம் உண்மையானால் இடப்பக்கமும் உண்மை, இடப்பக்கம் காலியாக இருந்தால் வலப்பக்கம் நடக்கவே கூடாது):

இஸ்ட்(குன்னூர், மிஸ்ட்(மேலே)).
இஸ்ட்(பர்லியார், இல்லை(மிஸ்ட்(மேலே))).
உண்மை(செ) :- இஸ்ட்(சூ, செ).
:- உண்மை(செ), உண்மை(இல்லை(செ)).

பிளாஸ்க்_டீ:
ஊர்ப் பேரைப் போட்டு அனுப்பச் சொல்லுங்கள் தம்பி. இதற்கு லாஜிக் எதற்கு?

மலைமுயல்:
சொல்லிப் பார்த்தாச்சு அண்ணே. கொண்டை ஊசி வளைவில் ஓரங்கட்டி அனுப்புகிறவர்களுக்கு ‘மேலே’, ‘கீழே’தான் கைக்கு வரும்.

ஒற்றைக்கல்:
மூன்றாவது வரிதான் வில்லங்கம். ‘இஸ்ட்’ என்பது செயற்கை நுண்ணறிவு முன்னோடி ஜான் மெக்கார்த்தி 1993 கட்டுரையில் எழுதிய குறி: ‘சூ என்ற சூழலில் செ உண்மை’. அவர் காட்டிய உதாரணம், ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளின் சூழலில் ஹோம்ஸ் ஒரு துப்பறிவாளர். உங்கள் வரி அந்த ஹோம்ஸை நிஜ லண்டனுக்கே கூட்டிவந்துவிடும்! முதல் இரண்டு வரிகளுக்குள் முரணே கிடையாது. வேலியைக் கட்டிவிட்டு நீங்களே பிரித்துவிட்டீர்கள்.

ஒரு சூழலிலிருந்து செய்தி வெளியே வரும்போது அதன் சொல் மாற வேண்டும். அந்த விதிக்கு ‘லிஃப்டிங்’ என்று பெயர். மெக்கார்த்தியின் மாணவர் குஹா 1991 ஆய்வேட்டில் இதை விரிவாக எழுதினார். மூன்றாவது வரியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்:

மேல்ஊர்(குன்னூர், ஊட்டி). மேல்ஊர்(பர்லியார், குன்னூர்).
உண்மை(மிஸ்ட்(இடம்)) :- இஸ்ட்(சூ, மிஸ்ட்(மேலே)), மேல்ஊர்(சூ, இடம்).

‘இல்லை’க்கும் இதே மாதிரி ஒரு வரி. ஊட்டியில் மிஸ்ட், குன்னூரில் இல்லை என்று வரும். (சூ, செ, இடம் மூன்றும் மாறிகள், உங்கள் ஃபைலில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கட்டும்.)

மலைமுயல்:
வந்துவிட்டது! ஆனால் ‘கீழே’க்கும் இப்படியே எழுதினேன், மறுபடி மாட்டிக்கொண்டது. கோத்தகிரிக்காரர் ‘கீழே மழை’, குன்னூர்க்காரர் ‘கீழே மழை இல்லை’. ரோடு வேறு வேறு, ஆனால் இரண்டுமே மேட்டுப்பாளையத்தில்தான் போய் முடிகிறது.

ஒற்றைக்கல்:
இந்த முறை புரோகிராம் சொல்வது சரி, இது நிஜ முரண். இரண்டும் எத்தனை மணிக்கு வந்தவை?

மலைமுயல்:
ஒன்று காலை 8, இன்னொன்று மதியம் 2.

ஒற்றைக்கல்:
அப்போ சூழல் என்பது ஊர் மட்டுமல்ல, ஊரும் நேரமும் சேர்ந்த ஜோடி. லிஃப்டிங் விதியிலும் நேரம் கூடவே வெளியே வர வேண்டும்: உண்மை(மழை(மேட்டுப்பாளையம், 8)). நாளைக்கு இன்னொன்று முளைக்கும். சூழலை முழுசாக விவரித்து முடிக்க முடியாது என்று மெக்கார்த்தியே எழுதியிருக்கிறார்.

மலைமுயல்:
சேர்த்தாச்சு, ஓடுகிறது. நேரம் மெசேஜிலேயே இருப்பதால் டிரைவர்களைத் தொந்தரவு பண்ண வேண்டியதில்லை.